ஹாஃப்மனின் சைக்கிள் பயணம்



செய்தித்தாளில் அடிக்கடி வரும் எல்.எஸ்.டி.யின் வரலாறு இது.

ரை என்னும் தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையிலிருந்து கிடைப்பது லைசர்ஜிக் அமிலம். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சாண்டோஸ் நிறுவன வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-ல் அதிலிருந்து எல்.எஸ்.டி.யைத் தயாரித்தார். ரத்த ஓட்டத்தையும் சுவாசத்தையும் தூண்டும் மருந்தைத்தான் அவர் தேடினார். பயன் தெரியாததால் ஐந்தாண்டு கிடப்பில் கிடந்தது. 1943 ஏப்ரல் 19 அன்று 0.25 மில்லிகிராமைத் தானே உட்கொண்டார். போர்க்காலம், கார் கிடையாது. சைக்கிளில் வீடு திரும்பும்போதே கண்ணெதிரே எல்லாம் நெளிந்தது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நடுங்கினார்.

பிறகு சாண்டோஸ் அதை மனநல ஆய்வுக்குக் கொடுத்தது. அமெரிக்க உளவுத்துறையோ விவரம் சொல்லாமலே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. 1960-களில் அது தெருவுக்கு வந்தது. 1971 ஐ.நா. உடன்படிக்கை அதை மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சாவுக்கு 20 கிலோ வணிக அளவு, எல்.எஸ்.டி.க்கு வெறும் 0.1 கிராம்! அதைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். ‘தபால்தலை மாதிரிச் சின்னக் காகிதம்தானே, நண்பனுக்காக வைத்திருந்தேன்’ என்பதெல்லாம் எடுபடாது.

ஹாஃப்மனே அதைத் தன் தொல்லைப் பிள்ளை என்றார். கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருப்பவர்கள், மிரட்டாமல், இந்த 0.1 கிராம் கணக்கை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.