கரடுமுரடான தடங்களில் பைக் பந்தயம்: சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைப்பது எப்படி?

புதுடெல்லி: சாலையற்ற நிலப்பரப்பில் நடைபெறும் மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் மண், நீர், வன உயிரினங்கள் ஆகியவற்றின் மீது ஏற்படுத்தும் பாதிப்பை எவ்வாறு குறைக்கலாம் என்ற கேள்வி, ராஜஸ்தான் பாலைவனமும் இமயமலைப் பகுதிகளும் பந்தயக் களங்களாக மாறியுள்ள நிலையில் முக்கியத்துவம் பெற்றுள்ளது. புகை, இரைச்சல், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் நடைமுறைகள் சர்வதேச அளவில் ஏற்கனவே வகுக்கப்பட்டுள்ளன. எனினும், பந்தயம் எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில் நடைபெறுகிறது என்பதே பாதிப்பின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இந்தியாவில் வளரும் விளையாட்டு: 1999-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ரெய்ட் டி ஹிமாலயா', இமாச்சலப் பிரதேசம், லடாக் மலைப்பாதைகளை உலகறியச் செய்தது. ராஜஸ்தானில் 2003-ஆம் ஆண்டு 'டெசர்ட் ஸ்டார்ம்' ராலியும், 2016-ஆம் ஆண்டு ஜெய்சால்மரில் 'இந்தியா பாஹா' பந்தயமும் தொடங்கின. 2015-ஆம் ஆண்டு டக்கார் ராலியை நிறைவு செய்த முதல் இந்தியர் என்ற பெருமையை சி.எஸ். சந்தோஷ் பெற்றார். 2024-ஆம் ஆண்டு டக்கார் ராலியில் கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா 'ராலி 2' பிரிவில் முதலிடம் பிடித்தார். அதே ஆண்டு ஜனவரியில் இந்திய சூப்பர்கிராஸ் லீக் போட்டிகள் புனேவில் தொடங்கின.

இவ்விளையாட்டில் பல வகைகள் உள்ளன. மோட்டோகிராஸ் என்பது மேடுபள்ளங்கள் நிறைந்த மண் தடத்தில் பலமுறை சுற்றி வரும் பந்தயம். சூப்பர்கிராஸ் என்பது அதே பந்தயத்தை விளையாட்டரங்கிற்குள் மண் கொட்டி நடத்துவது. எண்டியூரோ பந்தயம் காட்டுப்பாதை, மலைச்சரிவு, ஓடை ஆகியவற்றைக் கடந்து செல்லும். ராலி பந்தயம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும். மூடிய தடத்தில் நடைபெறும் பந்தயத்தின் பாதிப்பு அந்த வளாகத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பொறுத்தது. இயற்கை நிலத்தில் நடைபெறும் பந்தயத்தின் பாதிப்போ, தடம் செல்லும் வழி நெடுகிலும் பரவுகிறது.

மண்ணின் மேலோடு: வறண்ட நிலத்தின் மேற்பரப்பில் நீலப்பசும்பாசி, லைக்கன், பாசி ஆகியவை மண் துகள்களைப் பிணைத்து மெல்லிய உயிருள்ள மேலோட்டை உருவாக்குகின்றன. காற்றில் மண் பறக்காமலும், மழைநீர் மண்ணை அரிக்காமலும் காப்பது இந்த மேலோடுதான். முரட்டுப் பற்களைக் கொண்ட டயர் ஒருமுறை கடந்தாலே அது நொறுங்கிவிடும். தொடர்ந்து பல வாகனங்கள் செல்லும்போது அடிமண் இறுகிப்போகிறது. இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் வழிந்தோடுவதால், டயர் தடமே நாளடைவில் அரிப்பு ஓடையாக மாறுகிறது. விதைகளும் அங்கு எளிதில் வேர்பிடிப்பதில்லை.

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், கடுமையாக இறுகிய மண் இயற்கையாக மீள்வதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தேவைப்படும் என்று மதிப்பிட்டுள்ளன. ஒரு நாள் பந்தயத்தின் சுவடு மூன்று தலைமுறைகளுக்கு நிலைக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

அமெரிக்கா தரும் பாடம்: கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகாஸ் வரை மொஹாவி பாலைவனத்தின் குறுக்கே நடைபெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் 1967-ஆம் ஆண்டு தொடங்கியது. 1974-ஆம் ஆண்டு இதில் சுமார் 3,000 பேர் பங்கேற்றனர். அந்தப் பந்தயத்தின் விளைவுகளை ஆராய்ந்த அமெரிக்க நில மேலாண்மைத் துறை, மண், தாவரங்கள், சிறு விலங்குகள் ஆகியவற்றுக்கு ஏற்பட்ட சேதத்தைப் பதிவு செய்தது. 1975-ஆம் ஆண்டு முதல் அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர் 1983-ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கிய பந்தயம், பாலைவன ஆமை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்ட 1989-ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது.

நிலத்தைக் காக்கத் தவறிய பந்தயம், இறுதியில் அந்த நிலத்தையே இழந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்பது விளையாட்டுக்கு எதிரானது அல்ல, அதன் எதிர்காலத்துக்கான நிபந்தனை என்பதற்கு இதுவே தெளிவான சான்று.

கானமயிலின் நிலம்: ராஜஸ்தானின் ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவன தேசியப் பூங்கா அமைந்துள்ளது. மிகவும் அழியும் ஆபத்தில் உள்ள கானமயில் பறவையின் கடைசிப் புகலிடங்களில் இது முதன்மையானது. உலகில் எஞ்சியுள்ள கானமயில்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 150 என மதிப்பிடப்படுகிறது. இப்பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. திறந்த புல்வெளித் தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையை இடுகிறது. கோடை முதல் மழைக்காலம் வரையிலான இனப்பெருக்கப் பருவத்தில் வாகனங்கள் புல்வெளியில் நுழைந்தால், முட்டை நசுங்குவது மட்டுமன்றி, அஞ்சிய தாய்ப்பறவை அடைகாப்பதைக் கைவிடும் அபாயமும் உள்ளது.

தார் பாலைவனம் வெற்று மணல்வெளி அன்று. கிராம மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் 'ஓரண்' எனப்படும் புனித மேய்ச்சல் காடுகள், மழைநீரைத் தேக்கிப் பயிரிடும் 'கடீன்' வயல்கள், ராஜஸ்தானின் மாநில மரமான வன்னி மரங்கள் ஆகியவை அங்குள்ள மக்களின் வாழ்வாதாரமாகும். வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடம், நேரில் சென்று பார்க்கும்போது ஒரு கிராமத்தின் மேய்ச்சல் நிலமாக இருக்கலாம். தடம் முடிவு செய்யப்படும் முன்னர் கால்நடை வளர்ப்போரைக் கலந்தாலோசிப்பது அவசியம் என்பது இதனால்தான்.

இமயமலையின் குளிர் பாலைவனங்களான ஸ்பிட்டி, லடாக் பகுதிகளிலும் இதே நிலைதான். அங்கு புல் வளரும் காலம் ஆண்டில் சில மாதங்களே. லடாக்கின் ஈரநிலங்களில் கருங்கழுத்துக் கொக்குகள் கோடைக்காலத்தில் கூடு கட்டுகின்றன. ரெய்ட் டி ஹிமாலயா போன்ற பந்தயங்கள் பெரும்பாலும் ஏற்கனவே உள்ள மலைச்சாலைகளைத் தடமாகக் கொண்டு, கோடை முடிந்த பின்னர் அக்டோபர் மாதத்தில் நடத்தப்பட்டு வந்தன. புதிய தடம் வெட்டாமல் பழைய பாதையைப் பயன்படுத்துவதும், இனப்பெருக்கப் பருவத்தைத் தவிர்ப்பதும் பாதிப்பைக் குறைக்கும் மிக எளிய வழிகளாகும்.

எண்ணெய்க் கசிவும் நீர் மாசும்: ஒருமுறை எஞ்சின் எண்ணெய் மாற்றும்போது வெளியேறும் கழிவு எண்ணெய், 10 லட்சம் கேலன் நன்னீரை மாசுபடுத்த வல்லது என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. பந்தய வாகனங்களுக்கு எண்ணெய் மாற்றுதல், எரிபொருள் நிரப்புதல், கழுவுதல் ஆகியவை திறந்தவெளியில் நடைபெறுவதால் இந்த எச்சரிக்கை முக்கியமானது.

சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம், தனது சுற்றுச்சூழல் விதித்தொகுப்பில் இதற்கு வழிவகை செய்துள்ளது. பழுதுபார்க்கும் இடத்தில் ஒவ்வொரு வாகனத்தின் அடியிலும் கசிவை உறிஞ்சும் விரிப்பு இருக்க வேண்டும். அது குறைந்தது 160 சென்டிமீட்டர் நீளமும் 100 சென்டிமீட்டர் அகலமும் கொண்டதாக, குறைந்தது 1 லிட்டர் திரவத்தை உறிஞ்ச வல்லதாக இருக்க வேண்டும். வாகனங்களைக் கழுவுவதற்குத் தனி இடம் ஒதுக்கி, கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்த பின்னரே வெளியேற்றுவது முறையாகும். அவ்வாறு கழுவுவதால், டயர்களில் ஒட்டிய சேற்றுடன் அயல் களைச்செடிகளின் விதைகள் புதிய பகுதிக்குப் பரவுவதும் தடுக்கப்படும்.

டயர்களுக்கும் வரம்பு உண்டு. எண்டியூரோ பந்தயங்களில் டயர் பற்களின் உயரம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என எஃப்ஐஎம் விதி கூறுகிறது. பற்கள் நீளமாக இருந்தால் அவை மண்ணை ஆழமாகக் கிளறும் என்பதே காரணம்.

இரைச்சல்: இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகல் நேர ஒலி 55 டெசிபலையும், இரவு நேர ஒலி 45 டெசிபலையும் தாண்டக் கூடாது. 2 மீட்டர் தொலைவில் 110 டெசிபல் ஒலி எழுப்பும் பந்தய வாகனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். இக்கணக்கின்படி 1 கிலோமீட்டர் தொலைவிலும் அந்த ஒலி ஏறக்குறைய 56 டெசிபலாக இருக்கும். அதே போன்ற 10 வாகனங்கள் ஒன்றாக ஓடினால் மேலும் 10 டெசிபல் கூடும்.

எனவே பந்தயத்திற்கு முன்பு ஒவ்வொரு வாகனத்தின் ஒலியையும் அளந்து, வரம்பை மீறும் வாகனங்களை விலக்குவது, தடத்தைக் குன்று அல்லது மண்மேட்டுக்குப் பின்னால் அமைப்பது, இரவு நேரப் பந்தயங்களைத் தவிர்ப்பது ஆகியவை தேவையாகின்றன. விளையாட்டரங்கில் நடைபெறும் சூப்பர்கிராஸ் இயற்கை நிலத்தைத் தொடுவதில்லை என்றாலும், நகரின் நடுவே நடைபெறுவதால் இரைச்சலும் புழுதியும் அதற்குரிய சிக்கல்களாகவே நீடிக்கின்றன. தடத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கலாம். ஆனால் வறண்ட பகுதிகளில் குடிநீர் ஆதாரங்களைத் தொடாமல் இதனைச் செய்ய வேண்டும்.

மின்சார வாகனங்கள் தீர்வாகுமா?: மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கென 'இ-எக்ஸ்ப்ளோரர்' உலகக் கோப்பை என்ற பந்தயத் தொடரை எஃப்ஐஎம் 2023-ஆம் ஆண்டு தொடங்கியது. புகை, எஞ்சின் எண்ணெய், பெரும்பகுதி இரைச்சல் ஆகியவை இவற்றில் இல்லை. ஆயினும் மின்சார வாகனத்தின் டயரும் மண்ணைக் கிளறவே செய்யும். பறவைக் கூட்டின் மீது ஏறும் சக்கரம் பெட்ரோலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும் விளைவு ஒன்றே.

கரியமில வாயு வெளியேற்றத்திலும் பந்தய வாகனத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியதாக இருக்கலாம். ஃபார்முலா 1 கார் பந்தய அமைப்பு 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கீட்டின்படி, அதன் ஆண்டு வெளியேற்றமான 2,56,551 டன்னில் பந்தயக் கார்களின் எஞ்சின்கள் வெளியிட்டது 0.7 சதவீதம் மட்டுமே. சரக்குப் போக்குவரத்தின் பங்கு 45 சதவீதமாக இருந்தது. அது உலகெங்கும் பயணிக்கும் பெருந்தொடர் என்பதால், அந்த விகிதம் மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கு அப்படியே பொருந்தாது. எனினும் அணிகளின் லாரிகள், உதவி வாகனங்கள், பார்வையாளர்களின் கார்கள் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாத எந்தத் திட்டமும் முழுமை பெறாது என்பதை அது உணர்த்துகிறது. பார்வையாளர்களுக்குப் பேருந்து வசதியும், வரையறுக்கப்பட்ட நிறுத்துமிடமும் ஏற்படுத்துவது இதற்கு உதவும்.

இந்தியச் சட்டங்கள் கூறுவது என்ன?: கரடுமுரடான தடப் பந்தயங்களின் சுற்றுச்சூழல் பாதிப்புக்கென நாட்டில் தனிச் சட்டம் இல்லை. வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம் 1972, சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி நுழைவதையும், வன உயிரினங்களின் வாழிடத்தைச் சேதப்படுத்துவதையும் தடை செய்கிறது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986-இன் கீழ் அறிவிக்கப்படும் சூழல் உணர்திறன் மண்டலங்களிலும் கட்டுப்பாடுகள் உண்டு. 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துவோர், குறைந்தது 3 வேலை நாள்களுக்கு முன் உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்ற கடமையை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. இமாச்சலத்தின் ரோத்தங் கணவாயில், நாளொன்றுக்குச் செல்லும் சுற்றுலா வாகனங்களின் எண்ணிக்கைக்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரம்பு விதித்தது.

இந்தியாவில் இவ்விளையாட்டை நிர்வகிப்பது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பாகும். இது எஃப்ஐஎம் அமைப்பின் உறுப்பினர். சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள புல்வெளிகளும் மேய்ச்சல் நிலங்களும் சட்டத்தின் முழுப் பாதுகாப்பைப் பெறாததால், அங்கு தடம் அமைப்போரின் பொறுப்பு கூடுதலாகிறது.

அமைப்பாளர்கள் செய்ய வேண்டியவை: பந்தயத்திற்கு முன்பு, வனத்துறையினர், உயிரியல் வல்லுநர்கள், கிராம மக்கள் ஆகியோருடன் தடத்தை நடந்து பார்த்து, கூடுகள், நீர்நிலைகள், மேய்ச்சல் நிலங்கள் ஆகியவற்றை விலக்க வேண்டும். தடத்தின் நிலையைப் புகைப்படங்களாகப் பதிவு செய்ய வேண்டும். பங்கேற்பாளர்களின் எண்ணிக்கைக்கு நிலத்தின் தாங்குதிறனைப் பொறுத்து வரம்பு வேண்டும்.

பந்தயத்தின்போது, குறிக்கப்பட்ட தடத்தை விட்டு விலகும் வீரர்களுக்கு நேரத் தண்டனை விதிக்கலாம். ஜிபிஎஸ் கருவி மூலம் இதனைக் கண்காணிப்பது எளிது. கனமழையால் மண் குழைந்திருந்தால் பந்தயத்தைச் சுருக்கவோ ஒத்திவைக்கவோ தயங்கக் கூடாது. கண்ணாடியிலிருந்து கிழித்து எறியப்படும் பிளாஸ்டிக் படலங்களுக்குப் பதிலாக, சுருளும் படலங்களைப் பயன்படுத்தலாம்.

பந்தயத்திற்குப் பின்பு, குறியீட்டு நாடாக்கள், குப்பைகள், கழிவு எண்ணெய் ஆகியவற்றை அகற்றி, கிளறப்பட்ட மண்ணைச் சமன்படுத்தி, அரிப்பு ஏற்படக்கூடிய சரிவுகளில் தடுப்புகளை அமைக்க வேண்டும். அடுத்த மழைக்காலம் முடிந்தபின் அதே தடத்தை மீண்டும் ஆய்வு செய்தால்தான் உண்மையான பாதிப்பு தெரியவரும். இதற்கான செலவை முன்வைப்புத் தொகையாக அமைப்பாளர்களிடமிருந்து பெறுவது, பொறுப்பை உறுதி செய்யும் ஒரு வழியாகும்.

விரிப்பும் ஒலி அளவீடும் மின்சார எஞ்சினும் பாதிப்பைக் குறைக்கும். ஆனால் தவறான இடத்தில் அமைந்த தடத்தை அவை சரிசெய்யாது. வெற்றியாளர் யார் என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். நிலம் என்ன இழந்தது என்பது தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், தடத்தைத் தேர்வு செய்யும் நாளிலேயே சுற்றுச்சூழல் பாதுகாப்பு தொடங்க வேண்டியது அவசியமாகிறது.