கட்டுப்பாடு எந்தப் படியில்? கிளைக்காலிசிஸை முன்வைத்து ஓர் ஆய்வு

நொதி ஒரு வினையின் கிளர்வு ஆற்றலைக் குறைக்கும், சமநிலையை மாற்றாது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் இங்கிருந்து வளர்சிதை மாற்றத்தின் கட்டுப்பாட்டுக்கு வரும்போது பாடநூல்கள் பலவும் அவசரப்படுகின்றன. ஆற்றல் வீழ்ச்சி மிகுந்த, மீளாத படியை வினையூக்கும் நொதியே முழு வழித்தடத்தின் வேகத்தையும் தீர்மானிக்கிறது என்கின்றன. இந்த முடிவு சான்றுகளுக்கு முன் நிற்கவில்லை.

ஆற்றல் தடையின் அளவை முதலில் பார்ப்போம். ஓரோட்டிடின் மோனோபாஸ்பேட், நொதியின் உதவியின்றி நீரில் கார்பன் டை ஆக்சைடை இழந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று ரட்ஸிக்காவும் வுல்ஃபென்டனும் 1995இல் கணக்கிட்டனர். உரிய நொதி அந்த வினையைச் சுமார் 10¹⁷ மடங்கு விரைவுபடுத்துகிறது. 25 டிகிரி செல்சியஸில் வேகம் பத்து மடங்காக, தடை மோலுக்கு 5.7 கிலோஜூல் குறைய வேண்டும். ஆக இந்த நொதி குறைப்பது 97 கிலோஜூல் அளவு. நொதியின் வினைமையம் வினைபடுபொருளைவிட நிலைமாறு நிலையையே இறுகப் பற்றுகிறது என்று 1940களில் லைனஸ் பாலிங் தந்த விளக்கம்தான் இதற்கு இன்றும் அடிப்படை. தடைகள் இத்தனை உயரமாக இருப்பது செல்லுக்கு நன்மையே. ஆற்றலியல் அனுமதிக்கும் எண்ணற்ற வினைகளில் எது நடக்கலாம் என்பதை நொதிகளின் இருப்பே முடிவு செய்கிறது.

ஆனால் எது நடக்கலாம் என்பது வேறு, எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது வேறு. குளுக்கோஸைச் சிதைத்து ஏடிபி ஆக்கும் வழித்தடமான கிளைக்காலிசிஸில் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற நொதி நடத்தும் படியின் திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றம் மோலுக்கு சுமார் −14 கிலோஜூல். ஏடிபி மிகுந்தால் இந்நொதி ஒடுங்கும், ஏஎம்பி மிகுந்தால் முடுக்கம் பெறும். இதனால்தான் இதற்கு 'வேகம் நிர்ணயிக்கும் நொதி' என்ற பட்டம். எடின்பரோவில் காக்ஸரும் பர்ன்ஸும் 1973இலும், பெர்லினில் ஹைன்ரிக்கும் ராப்போபோர்ட்டும் 1974இலும், இந்தப் பட்டத்தை அளந்து சோதிக்க வழி கண்டனர். ஒரு நொதியின் அளவை ஒரு விழுக்காடு கூட்டினால் மொத்தப் பாய்வு எத்தனை விழுக்காடு மாறுகிறது? அந்த விகிதமே அதன் கட்டுப்பாட்டுக் கெழு. ஒரு வழித்தடத்தின் எல்லாக் கெழுக்களையும் கூட்டினால் ஒன்று வரும். ஆகவே கட்டுப்பாடு பல படிகளுக்கும் பகிரப்படலாம். எப்படிப் பகிரப்படுகிறது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

சோதனை சொல்லியும் விட்டது. ஷாஃப், ஹைனிஷ், சிம்மர்மான் ஆகியோர் 1989இல் ஈஸ்ட்டில் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் உள்ளிட்ட கிளைக்காலிசிஸ் நொதிகளைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்தார்கள். எத்தனால் உருவாகும் வேகம் கூடவில்லை. இது வியப்புக்குரியதன்று. வழித்தடத்தின் விளைபொருளால் (இங்கே ஏடிபியால்) வலுவாக ஒடுக்கப்படும் நொதி எவ்வளவு கூடினாலும், விளைபொருள் சற்றே உயர்ந்து அந்தக் கூடுதலை ஈடுகட்டிவிடும். பின்னூட்டம் அந்த நொதியிடமிருந்து கட்டுப்பாட்டைப் பறித்து, விளைபொருளைச் செலவிடுவோரிடம் ஒப்படைக்கிறது. 2002இல் கோப்மனும் சகாக்களும் எஷரிக்கியா கோலை பாக்டீரியாவில் ஏடிபியை வீணே சிதைக்கும் நொதியொன்றைப் புகுத்தியபோது கிளைக்காலிசிஸின் பாய்வு உயர்ந்தது. அங்கே பெரும்பகுதிக் கட்டுப்பாடு ஏடிபியின் தேவையிடம் இருந்தது. பாஸ்போஃபிரக்டோகைனேஸின் நுட்பமான ஒழுங்கமைப்பு ஏடிபியின் அளவை நிலையாக வைத்திருக்கத்தான் முதன்மையாக உதவுகிறது என்பேன்.

அப்படியானால் எந்தத் தனி நொதிக்கும் பெரிய கட்டுப்பாடு இல்லையா? உண்டு, குளுக்கோகைனேஸுக்கு. கல்லீரலிலும் கணையத்தின் பீட்டா செல்களிலும் உள்ள இந்நொதி, பிற ஹெக்சோகைனேஸ்களைப் போலன்றித் தன் விளைபொருளான குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டால் ஒடுக்கப்படுவதில்லை. பாதிச் செறிவு நிலையை இது எட்டுவது சுமார் 8 மில்லிமோலார் குளுக்கோஸில். ஆகவே இரத்தச் சர்க்கரையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் இதன் வேகம் இசைகிறது. பெரும்பாலான நொதிகளின் இரு மரபணு நகல்களில் ஒன்று பழுதானாலும் பாய்வு பெரிதும் குறைவதில்லை. நொதிக் குறைபாட்டு நோய்கள் பெரும்பாலும் ஒடுங்குபண்பாக இருப்பதைக் காக்ஸரும் பர்ன்ஸும் 1981இல் இவ்வாறே விளக்கினர். குளுக்கோகைனேஸிலோ ஒரு நகல் பழுதானாலே, வெறும் வயிற்றுச் சர்க்கரை வாழ்நாள் முழுவதும் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 100 முதல் 145 மி.கி. வரை உயர்ந்து நிற்கிறது. இவ்வகை நீரிழிவுக்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 1992இல் தெரியவந்தது. சீனாவில் 2022இல் ஒப்புதல் பெற்ற டோர்சாக்லியாட்டின் என்ற நீரிழிவு மருந்து முடுக்குவதும் இதே நொதியைத்தான்.