கண்ணாடிக்கு வெளியே

கோழிப்பண்ணைகள் மலிந்த நாமக்கல் சீமையில் இன்குபேட்டர் புதிய பொருளன்று. பாரிசு மருத்துவர் தார்னியே, 1878இல் அந்நகரத்து விலங்குக் காட்சிச்சாலையில் குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்ட பின்னரே, குறைமாதச் சிசுக்களுக்கும் ஒன்று செய்வித்தார். பெட்டி உயிர்களைக் காத்தது. காலப்போக்கில் தாயைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தியும் விட்டது. புதுச்சத்திரத்திலிருந்து சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ பச்சைப் பிள்ளையுடன் ஓடுவோர் காத்திருப்பதும் அங்கேதான். எடை எத்தனை கிராம் ஏறியது என்பதை மருத்துவர் சொல்லிவிடுவார். ‘எங்கள் பிள்ளையும் இப்படித்தான் கிடந்தது’ என்று சொல்ல, அதே வாசலில் நின்ற இன்னொரு பெற்றோர்தான் வேண்டும்.

அப்பெற்றோரை ஒரே அறைக்குள் சேர்த்தது பற்றாக்குறை. கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு பெட்டியில் இரண்டு மூன்று சிசுக்களைக் கிடத்த நேர்ந்தது. 1978இல் எட்கர் ரே என்னும் மருத்துவர் அவர்களைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு முறை என்று பெயர் பெற்றது இதுவே. தாய்மார் அருகருகே அமர்ந்தனர். முன்னே வந்தவளைப் பார்த்துப் பின்னே வந்தவள் கற்றாள். சிசுவின் உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனே அணைத்தால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைவதாக, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது.

நவம்பர் 17ஐக் குறைமாதக் குழந்தைகளின் நாளாகத் தேர்ந்தவர்களும் பெற்றோரே. பிழைத்த பிள்ளைகளின் படங்களை மட்டும் காட்டும் ஆறுதலில் நமக்கு நம்பிக்கையில்லை. எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்புவதில்லை. இந்நாளின் கதை அதை மறைக்கவில்லை. ஐரோப்பியப் பெற்றோர் அமைப்பை நிறுவியோருள் ஒருவர், குறைமாதத்தில் ஒருசேரப் பிறந்த மூன்று குழந்தைகளையும் இழந்தவர். 2008இல் அந்தத் தேதியில்தான் அவருக்கு ஒரு மகள் நலமாகப் பிறந்தாள்.