சுவரை வாசிக்க ஒரு பகல்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர்தான். விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம். நம்மில் பலருக்குக் காஞ்சிப் பயணம் என்றால் மூன்று கோயில் தரிசனம், ஒரு பட்டுப் புடவை, இருட்டுமுன் வீடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரிசனத்துக்கும் புடவைக்கும் நடுவே சுவர்களை வாசிக்கவும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

என் கணக்கில் முதலில் நிற்க வேண்டிய இடம், ஊரின் மேற்கோரத்துக் கயிலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுத்தது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் உளிக்கு இணங்கும், மழைக்குத் தாங்காது. அதனால்தான் பல சிங்கங்களின் முகம் கரைந்திருக்கிறது. பிற்காலத்தில் பூசிய சுதை சில சிற்பங்களை மூடிவிட்டது. திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் 58 சிற்றாலயங்களில் சிலவற்றுள் எட்டிப் பார்த்தால், சுண்ணப்பூச்சில் ஒரு கண்ணோ தோளோ செம்மண் நிறக் கோடாக மிஞ்சியிருக்கும். 1931இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் கண்டறிந்த பல்லவர் ஓவியங்கள் இவைதாம்.

நான் ஒவ்வொரு முறையும் தேடிப் போவது முன்மண்டபத் தூண் ஒன்றை. அதிலிருக்கும் எழுத்து தமிழன்று, பழங்கன்னடம். 642 வாக்கில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்தான். ஏறத்தாழ நூறாண்டு கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் படையோடு நுழைந்தான். பழி தீர்க்க வந்தவன் இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதைக் கோயிலுக்கே திரும்ப அளித்த செய்தியைத்தான் அந்தத் தூண் சொல்கிறது. அவனுடைய அரசி உலோகமாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் படை காஞ்சியிலிருந்து கொண்டுபோனது கோயில் கட்டும் கலையை என்பது விளங்கும்.

நண்பகலில் நடை சாத்தியதும் பலர் சென்னைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே இன்னும் 30 கிலோமீட்டர் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தகச் சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க ஊர்ச்சபை செய்துகொண்ட ஏற்பாடு வெட்டப்பட்டிருக்கிறது. ஊரில் 30 குடும்புகள், அதாவது ஊர்ப் பகுதிகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சபை நடுவே எல்லாரும் காணத் தூக்கிக் காட்டி, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்துவிடக் கூடாதே என்ற கவலையை அந்த வரியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இதை இன்றைய மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை. அது பிராமணர் சபை. சொந்த மனையில் வீடு, கால்வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது, இத்தனையும் உள்ளவர் பெயரே குடத்துக்குள் போனது. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அதில் இடமில்லை. ஆனால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு ஆகார் என்று எழுதினார்களே, அந்தக் கண்டிப்பை நான் எங்கும் தலைநிமிர்ந்து சொல்வேன்.

தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் காத்த ஏரி, கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம். செங்கல்பட்டுச் சாலையைப் பிடிக்குமுன் அதன் கரையில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். சுவரில் படித்த நீரை நேரில் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.