பாரத ரத்னா முதலில் யாருக்கு? தயான் சந்தா, சச்சினா?

டீக்கடை பெஞ்ச், ரயில் பயணம், காலேஜ் கேன்டீன்... எங்கே நாலு விளையாட்டு ரசிகர்கள் கூடினாலும் ஒரு கேள்வி கட்டாயம் கிளம்பும். "இந்தியாவின் மிகப் பெரிய விளையாட்டு வீரர் யார்?" கிரிக்கெட் ரசிகன் சச்சின் என்பான். கொஞ்சம் வயதானவர் இருந்தால் தயான் சந்த் என்பார். தமிழ்நாட்டில் யாராவது ஒருவர் "ஏன், நம்ம ஆனந்த் இல்லையா?" என்று கேட்காமல் விடமாட்டார்.

டீ ஆறுவதற்குள் முடிந்துபோகிற சண்டைதான் இது. ஆனால் நாட்டின் மிக உயர்ந்த விருதான பாரத ரத்னா நடுவில் வந்து நின்றபோது இது டெல்லி வரை போன விவகாரமாகிவிட்டது. அந்தக் கதையைக் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்தே பார்க்கலாம்.

விதியிலேயே இடம் இல்லை!

பாரத ரத்னா 1954 ஜனவரி 2-ம் தேதி அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டில் வாங்கியவர்கள் மூன்று பேர்: ராஜாஜி, டாக்டர் ராதாகிருஷ்ணன், சர் சி.வி.ராமன். அரசியல், தத்துவம், அறிவியல் என்று மூன்று துறை. மூவருமே தமிழ் மண்ணோடு தொடர்புள்ளவர்கள் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

ஆனால் விருதுக்கான விதியில் இருந்தவை கலை, இலக்கியம், அறிவியல், பொதுச் சேவை ஆகியவை மட்டுமே. விளையாட்டு இல்லை! ஒரு வீரர் ஒலிம்பிக்கில் எத்தனை தங்கம் வாங்கினாலும் சரி, எத்தனை ஆயிரம் ரன் குவித்தாலும் சரி, அவர் பெயரைப் பரிசீலிக்கவே வழி கிடையாது. இந்த நிலை 57 ஆண்டுகள் நீடித்தது. 2011-ம் ஆண்டு இறுதியில்தான் விதியைத் திருத்தி, மனித முயற்சியின் எந்தத் துறையாக இருந்தாலும் விருது தரலாம் என்று மாற்றினார்கள்.

அந்த வருடம் ஏப்ரல் 2-ம் தேதி மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியா உலகக் கோப்பையை வென்றிருந்தது. நாடு முழுக்க அன்று இரவு பட்டாசு வெடித்தது. (நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி, விஸ்வநத்தம் வட்டாரத்தில் தயாராவதுதான். கோப்பை மும்பையில் இருந்தாலும் சத்தம் நம்ம ஊருடையது!) சச்சினுக்கு பாரத ரத்னா கொடுங்கள் என்ற குரல் அதற்கு முன்பே இருந்தது. கோப்பை வந்த பிறகு அது கூச்சலாகவே மாறிவிட்டது.

கதவு திறந்தது. ஆனால் கதவுக்கு வெளியே ஒருவர் மட்டும் நிற்கவில்லை.

சிப்பாயாகச் சேர்ந்து மேஜரானவர்

தயான் சந்த் 1905 ஆகஸ்ட் 29-ல் அலகாபாத்தில் பிறந்தவர். 1922-ல், 16 வயதில், ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கேதான் ஹாக்கியில் வளர்ந்தார்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முறையாக ஹாக்கித் தங்கம் வாங்கியது. அந்தத் தொடரில் தயான் சந்த் அடித்த கோல்கள் 14. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என்று தோற்கடித்தார்கள். (இருபத்து நான்கு! அச்சுப்பிழை இல்லை.) 1936 பெர்லினில் அவரே கேப்டன். இறுதிப் போட்டியில் ஜெர்மனியை அதன் சொந்த மண்ணில் 8-1 என்று வென்றது இந்தியா. அந்தத் தேதி ஆகஸ்ட் 15. சரியாகப் பதினோரு வருடம் கழித்து அதே தேதியில் நாடு சுதந்திரம் பெற்றது. 1936-ல் அந்த அணி ஆடியது பிரிட்டிஷ் இந்தியாவின் கொடிக்குக் கீழேதான்.

அவரைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. மட்டையில் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள், ஹிட்லர் ஜெர்மன் ராணுவத்தில் பதவி தருவதாகக் கூப்பிட்டார் என்றெல்லாம் சொல்வார்கள். இவற்றுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. நிஜமான ஸ்கோர்களே மாயாஜாலம் மாதிரி இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு?

1952-ல் அவருடைய சுயசரிதை 'கோல்' வெளிவந்தது. அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகை. 1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண் கிடைத்தது. 1979 டிசம்பர் 3-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் காலமானார்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 1977 ஜூலையில் ஜனதா அரசு பாரத ரத்னா, பத்ம விருதுகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. 1980 ஜனவரியில்தான் அவை திரும்ப வந்தன. அதாவது, தயான் சந்தின் கடைசி இரண்டரை வருடங்களில் இந்த விருதே இல்லை! இருந்திருந்தாலும் விதி இடம் கொடுத்திருக்காது. கதவுக்கு இரண்டு பூட்டு.

பதினாறு வயதில் கராச்சி

சச்சின் டெண்டுல்கர் கதை எல்லோருக்கும் மனப்பாடம். அவரும் 16 வயதில்தான் ஆரம்பித்தார்! 1989 நவம்பர் 15-ல் கராச்சியில் முதல் டெஸ்ட். 2010-ல் குவாலியரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இரட்டைச் சதம். ஆண்கள் ஒருநாள் போட்டியில் அதுவே முதல் இரட்டைச் சதம். 2012 மார்ச் 16-ல் மிர்பூரில் நூறாவது சர்வதேச சதம். டெஸ்டில் 15,921 ரன், ஒருநாள் போட்டிகளில் 18,426 ரன். ஆடிய டெஸ்ட்கள் சரியாக 200.

2013 நவம்பர் 16-ம் தேதி வான்கடேயில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான அந்த 200-வது டெஸ்ட் முடிந்தது. மைதானத்தில் அவர் பேசிய விடைபெறும் பேச்சைக் கேட்டு டிவி முன்னால் அழாதவர்கள் குறைவு. அந்தக் கண்ணீர் காய்வதற்குள் பிரதமர் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. விஞ்ஞானி சி.என்.ஆர்.ராவுக்கும் சச்சினுக்கும் பாரத ரத்னா!

2014 பிப்ரவரி 4-ல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி விருதை வழங்கினார். பாரத ரத்னா வாங்கிய முதல் விளையாட்டு வீரர் சச்சின். இதுவரை வாங்கியவர்களில் மிகவும் இளையவரும் அவர்தான். அறிவிப்பு வந்தபோது வயது 40.

சர்ச்சை வெடித்தது ஏன்?

அதே 2013-ல் மத்திய விளையாட்டு அமைச்சகம் பாரத ரத்னாவுக்குப் பரிந்துரைத்த பெயர் தயான் சந்த்! அதற்கு முன்பே நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் அவருக்காக மனுக் கொடுத்திருந்தார்கள். விளையாட்டுக்குப் பொறுப்பான அமைச்சகமே ஒரு பெயரைச் சொல்ல, விருது வேறொருவருக்குப் போனது. ஹாக்கி ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை.

இருதரப்பு வாதங்களையும் வரிசையாகப் பார்க்கலாம்.

சச்சின் தரப்பு சொன்னது: 24 வருடம் ஒரே ஆள் உச்சத்தில் நின்றது உலக விளையாட்டிலேயே அபூர்வம். தயான் சந்த் காலத்து ஹாக்கியில் போட்டி குறைவு. 1932 ஒலிம்பிக்கில் ஹாக்கிக்கு வந்த அணிகளே மூன்றுதான்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. 1928, 1932, 1936 மூன்றிலும் பிரிட்டன் ஹாக்கி அணியை அனுப்பவில்லை.

தயான் சந்த் தரப்பு சொன்னது: கிரிக்கெட் மட்டும் என்ன, உலகம் முழுக்கவா ஆடுகிறது? சச்சின் ஆட வந்த 1989-ல் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த நாடுகள் ஏழு. சொந்த நாடே இல்லாத காலத்தில் இந்தியா என்ற பெயரை உலகத்துக்குச் சொன்னவர் தயான் சந்த். பின்னால் வந்த ஒலிம்பிக் தங்கங்கள் எல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல் எழுந்தவை. தமிழ்நாட்டின் வி.பாஸ்கரன் தலைமையில் 1980-ல் மாஸ்கோவில் வாங்கியதும் அதில் சேர்த்திதான்.

ஆனந்த் ரசிகர்களிடமும் கணக்கு இருந்தது. கேல் ரத்னா விருது 1991-92-ல் தொடங்கியபோது முதலில் வாங்கியவர் விஸ்வநாதன் ஆனந்த். சச்சினுக்கு அது 1997-98-ல்தான் கிடைத்தது. 2008-ல் இருவருக்கும் ஒரே ஆண்டில் பத்மவிபூஷண். ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவர். அவரை விட்டுவிட்டு ஒரு பட்டியலா என்று கேட்டார்கள்.

மூன்று தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் பிரச்சினையே!

குதிரைகள் சொல்லும் பாடம்

இதே மாதிரி ஒரு சண்டை அமெரிக்கக் குதிரைப் பந்தய உலகத்தில் 2009-ல் நடந்தது. ரேச்சல் அலெக்சாண்ட்ரா, செனியாட்டா என்று இரண்டு பெண் குதிரைகள். இரண்டும் அந்த வருடம் ஓடிய எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்தன. ஆனால் ஒரு முறைகூட ஒன்றோடு ஒன்று மோதவே இல்லை! 'ஆண்டின் சிறந்த குதிரை' எது என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஓட்டெடுப்பில் ரேச்சல் அலெக்சாண்ட்ராவுக்கு 130, செனியாட்டாவுக்கு 99. அடுத்த வருடம் செனியாட்டா தன் கடைசி ஓட்டத்தில், பிளேம் என்ற குதிரையிடம் மயிரிழையில் தோற்றது. 20 ஓட்டத்தில் அந்த ஒரே ஒரு தோல்விதான். ஆனாலும் ஓட்டெடுப்பில் பிளேமைத் தாண்டி செனியாட்டாவுக்கே பட்டம் வந்தது.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, மோதாத இருவரை ஒப்பிட எந்தத் தராசும் கிடையாது. அங்கே பேசுவது மனசுதான். இரண்டு, அங்கே யாருக்கு எத்தனை ஓட்டு என்று ஊருக்கே தெரியும். தோற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு அடுத்த வருடத்துக்குக் காத்திருப்பார்கள்.

பாரத ரத்னாவில் ஓட்டு இல்லை. பிரதமர் பரிந்துரைக்கிறார், குடியரசுத் தலைவர் வழங்குகிறார். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று காரணம் சொல்லும் வழக்கமும் இல்லை. காரணம் சொல்லாத இடத்தில் வதந்திதான் வளரும். 2013-ல் ஐந்து மாநிலத் தேர்தல் நேரத்தில் அறிவிப்பு வந்ததால், இதில் அரசியல் லாபக் கணக்கு இருக்கிறது என்ற பேச்சும் எழுந்தது.

"இறந்தவருக்கு எதற்கு?"

தயான் சந்துக்கு எதிராக அடிக்கடி சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது, இனி கொடுத்து என்ன பயன்?

விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள முடியாது. 1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்த காமராஜர் 1975 அக்டோபர் 2-ல் மறைந்தார். அவருக்கு பாரத ரத்னா வந்தது 1976-ல், மறைவுக்குப் பிறகுதான். எம்.ஜி.ஆருக்கும் 1988-ல் அப்படித்தான்.

நீண்ட இடைவெளியும் தடை இல்லை. 1950-ல் மறைந்த சர்தார் பட்டேலுக்கு 1991-ல் கொடுத்தார்கள். 1956-ல் மறைந்த அம்பேத்கருக்கு 1990-ல். 1946-லேயே, அதாவது விருது பிறப்பதற்கே முன்பு மறைந்த மதன் மோகன் மாளவியாவுக்கு 2015-ல். ஆக, தயான் சந்துக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது என்பது வாதமே அல்ல.

விருதுக்குப் பதிலாக அவர் பெயருக்கு வேறு மரியாதைகள் கிடைத்திருக்கின்றன. பிறந்தநாளான ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். டெல்லியின் தேசிய மைதானத்துக்கு அவர் பெயர். 2021 ஆகஸ்ட் 5-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹாக்கி அணி 41 வருடத்துக்குப் பிறகு ஒரு பதக்கம் வாங்கியது. மறுநாளே கேல் ரத்னா விருது 'மேஜர் தயான் சந்த் கேல் ரத்னா' என்று பெயர் மாறியது. இன்று இளம் வீரர்கள் வாங்கும் மிக உயர்ந்த விளையாட்டு விருதில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் பாரத ரத்னா பட்டியலில் மட்டும் இல்லை.

அப்படியானால் தீர்ப்பு?

சச்சின் தகுதியில்லாதவர் என்று யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது. விருதை அவர் கேட்டு வாங்கவும் இல்லை. கிடைத்ததும் தன் அம்மாவுக்கும் நாட்டின் எல்லா அம்மாக்களுக்கும் சமர்ப்பித்தார். ஆக, குறை வாங்கியவரிடம் இல்லை, வரிசையில் இருக்கிறது. 57 வருடம் பூட்டியிருந்த கதவைத் திறந்தபோது, ரொம்ப நாளாகக் காத்திருந்தவரை முதலில் உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும். அல்லது இருவரையும் சேர்த்தே கூப்பிட்டிருக்கலாம். ஒரே வருடத்தில் மூன்று பேருக்குக் கொடுக்க விதியில் இடம் இருந்தது. கொடுத்தது இரண்டு பேருக்கு. மூன்றாவது நாற்காலி காலியாகவே இருந்தது!

கொடுக்காததற்கு ஒரே காரணம்தான் தோன்றுகிறது. சச்சின் ஆடியதை நூறு கோடி பேர் டிவியில் பார்த்தார்கள். தயான் சந்த் ஆடியதைப் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட யாரும் உயிரோடு இல்லை. கண்ணால் பார்த்தவர்களின் சத்தத்துக்கு முன்னால் ஏட்டில் இருக்கும் சாதனை தோற்றுவிடுகிறது. ஆனால் நாட்டின் உச்ச விருது என்று ஒன்றை வைத்திருப்பதே, கண்ணுக்கு மறைந்ததையும் நாடு மறக்கவில்லை என்று காட்டத்தானே?

இது வெறும் பழம்பெருமை இல்லை. சிவகாசியிலிருந்து கொஞ்ச நேர பஸ் பயணத்தில் இருக்கிறது கோவில்பட்டி. தமிழ்நாட்டில் ஹாக்கி என்றால் முதலில் நினைவுக்கு வரும் ஊர். அங்கே இன்றும் விடியற்காலையில் பையன்கள் மட்டையோடு மைதானத்துக்கு ஓடுகிறார்கள். கிரிக்கெட்டில் இருக்கும் பணமோ, விளம்பரமோ அவர்களுக்கு இல்லை. நீ ஆடும் ஆட்டமும் இந்த நாட்டின் உச்சியில் ஒரு நாற்காலிக்கு உரியதுதான் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

ஒருவருக்குக் கொடுத்ததைப் பறிக்காமலே இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். இதைச் செய்ய எந்த விதியையும் இனி திருத்த வேண்டியதில்லை. அந்த வேலை 2011-லேயே முடிந்துவிட்டது.