பொம்மை வீடு: நோராவின் இரண்டு குரல்கள்

நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ 1879 டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில் முதன்முதலாக மேடையேறிய மூன்று அங்க நாடகம். கணவன் டோர்வால்டின் உயிரைக் காக்க, தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டு குரோக்ஸ்டாட் என்பவனிடம் ரகசியமாகக் கடன் வாங்கிய நோரா, முடிவில் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். வானம்பாடி, அணில் என்று கொஞ்சப்பட்டவள் கடைசிக் காட்சியில் திடீரென வாதாடத் தொடங்குவது பாத்திரத்துக்கு ஒட்டவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. பேச்சைக் கவனித்துப் படித்தால் அந்தக் குறை நிற்காது. முதல் அங்கத்திலேயே நோராவுக்கு இரண்டு குரல்கள். கணவன் முன் ஒரு வசைச்சொல்லைச் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று நண்பர்களிடம் சொல்கிறாள், அந்தச் சொல்லையும் சொல்லிவிடுகிறாள். அவன் வரும் அரவம் கேட்டதும் மக்ரூன் பொட்டலத்தை ஒளித்து வைக்கிறாள். பத்திரத்தில் தந்தை கையெழுத்திட்டதாக உள்ள தேதி அவர் இறந்து மூன்று நாள் கழிந்த தேதி என்று குரோக்ஸ்டாட் காட்டும்போதோ, மழுப்பாமல் ஒப்புக்கொண்டு, மகளுக்கும் மனைவிக்கும் இந்த உரிமைகூடத் தராத சட்டம் மோசமான சட்டம் என்று எதிர்த்துப் பேசுகிறாள். மூன்றாம் அங்கத்தில் இதே குரல்தான் முதல்முறையாகக் கணவனின் காதில் விழுகிறது.

ஒரு சொல்லுக்கு இந்த வீட்டில் எவ்வளவு எடை என்பதற்கு இரண்டாம் அங்கம் சான்று. பழைய நட்பின் உரிமையில் குரோக்ஸ்டாட் பிறர் முன்னிலையிலும் தன்னை ‘நீ’ என்று பேசுவதைத் தாங்க முடியாமல்தான் தன் பொறுப்பில் வரும் வங்கியில் வேலை பார்க்கும் அவனை நீக்க நினைக்கிறான் டோர்வால்ட். இது அற்பக் காரணம் என்கிறாள் நோரா. அந்தச் சொல் சுட்டதும் வேலைநீக்கக் கடிதத்தைப் பணிப்பெண்ணிடம் உடனே கொடுத்தனுப்பிவிடுகிறான். எல்லா விபரீதமும் அதிலிருந்து விளைகிறது. நெருக்கத்துக்கும் மரியாதைக்கும் தனித்தனி முன்னிலைச் சொல் இல்லாத இன்றைய ஆங்கிலத்தில் இந்த உறுத்தல் பெயர் சொல்லி அழைப்பதாக மாறிவிடும். தமிழுக்கு அந்தச் சிக்கல் இல்லை, வேறொன்று உண்டு. மூலத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றே பேசுகிறார்கள். நோராவின் வாயில் ‘நீங்கள்’ வைப்பதே நம் மேடைக்கு இயல்பு என்று சொல்லலாம்தான். ஆனால் அப்படி வைத்தால், சமமாகத் தோன்றும் பேச்சுக்குள் இப்சன் செல்லப்பெயர்களாக ஒளித்த ஏற்றத்தாழ்வு முதல் வசனத்திலேயே அம்பலமாகிவிடும்.

அந்தச் செல்லப்பெயர்களின் மதிப்பைக் கடைசிக் காட்சி காட்டுகிறது. கடன் ரகசியத்தை வெளிப்படுத்தும் குரோக்ஸ்டாட்டின் முதல் கடிதத்தைப் படித்ததும் டோர்வால்ட் அவளைப் பொய்க்காரி, குற்றவாளி என்று ஏசுகிறான். பத்திரம் திரும்பி வந்து ஆபத்து நீங்கியதும் பறவைகள் அவன் பேச்சுக்குத் திரும்புகின்றன: பருந்திடமிருந்து தான் மீட்ட புறாவாம் அவள். திறந்த கதவருகே நின்று அவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே நோரா நடன உடையைக் களைந்து அன்றாட உடைக்கு மாறிக்கொண்டிருக்கிறாள்.