கப்பலும் கைமுதலும்

கம்பெனியில் பணம் போடும் நம்மவர், இலாபம் எவ்வளவென்று வினவுவரேயன்றி, ஐந்தொகையைப் பார்ப்பவர் சிலரே. அதில் எதைப் பார்த்தல் வேண்டும் என்பதற்குத் தூத்துக்குடிச் சரித்திரம் தக்க சான்றாகும்.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. பங்கு ரூ. 25 வீதம் 40,000 பங்குகள். நிர்ணயித்த மூலதனம் ரூ. 10 இலட்சம். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு ரூ. 2 இலட்சம் அளித்தார். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. கப்பல் நிலைமுதல், ஐந்தொகையில் சொத்துப் பக்கத்தைப் பெருக்கிக் காட்டும். கரிக்கும் மாலுமிகளின் சம்பளத்துக்குமோ ரொக்கம் வேண்டும்; அதுவே நடைமுதல்.

போட்டியிட்ட வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக்கிற்று. சுதேசியார் எட்டணாவாக்கினர். வெள்ளையரோ இலவசமாய் ஏற்றிக் குடையும் கொடுத்தனர். அவர்களுக்குப் பிற கடல்வழிகளின் வருவாய் உண்டு. சுதேசியாருக்கு அவ்வசதி இல்லை. 1908 மார்ச்சு 12-இல் பிள்ளையவர்கள் கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அரசாங்கத்தின் அடக்குமுறை பெருங்காரணமே. எனினும் வருவாய் குன்றியபோது தாங்கி நிற்கும் நடைமுதலின் அருமையை நாம் மறத்தலாகாது.

கீழ்பென்னாத்தூர்க் குடியானவருக்கு இது புதிதன்று. உள்ளதையெல்லாம் கிணறு வெட்டச் செலவிட்டு, மணிலா விதைக்குக் கடன் தேடுவோர் படும் பாட்டை நாம் கண்டிருக்கின்றோம். ஆதலின் அன்பர்கள் பங்கு வாங்குமுன், ஓராண்டுக்குள் கம்பெனி தீர்க்கவேண்டிய கடன் எவ்வளவு, அதற்குள் கைக்கு வரத்தக்க ரொக்கமும் சரக்கும் பாக்கியும் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பாராக. பின்னது குறையுமாயின், குடும்பச் சேமிப்பை அங்கே இடற்க.